பதிவில் இறந்த குழந்தை

கதவைத் திறந்தது ஒரு சிறுமி. எட்டு வயதிருக்கும். முன்பல் விழுந்த ஓட்டையில் நாக்கை வைத்து அழுத்திக்கொண்டே, "அம்மா துணி வெட்டிட்டு இருக்காங்க" என்றாள்.

"நீ பக்கத்து வீடாம்மா?" என்று கேட்டாள் கணக்கெடுக்க வந்திருந்த பென்சில் அக்கா.

"என்ன?" சிறுமி தலையைத் திருப்பி வலது காதை நீட்டினாள்.

"பக்கத்து வீட்டுப் பொண்ணான்னு கேட்டேன்."

"இல்லையே. இது எங்க வீடுதான்."

பென்சில் அக்கா கையிலிருந்த டேப் என்கிற கைக்கணினியைப் பார்த்தாள். இந்த வீட்டு எண்ணுக்குக் கீழே நான்கு வரிகள் இருந்தன. அப்பா, அம்மா, பன்னிரண்டு வயது மகன். நான்காவது வரி மட்டும் சாம்பல் நிறத்தில் மங்கிக் கிடந்தது. மகள். வயது நான்கு. இறப்பு. பதிவாகி நான்கு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. பதிவு செய்த பணியாளரின் எண்ணும் ஓரத்தில் இருந்தது. அது அவளுடைய எண்தான்.

உள்ளே காலெடுத்து வைக்க அவளால் முடியவில்லை. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

பென்சில் அக்கா என்பது அலுவலகத்தில் விழுந்த பெயர். காகிதப் படிவங்கள் ஒழிந்து எல்லாம் டேப் என்று ஆன பிறகும் கொண்டையில் ஒரு பென்சில் செருகாமல் வெளியே கிளம்பமாட்டாள். மக்கள் நல ஆய்வு நிலையத்தில் பத்தொன்பது வருடக் களப்பணி. நகரின் ஓரத்தில் இருக்கும் பன்னிரண்டாயிரம் வீடுகளை அந்த நிலையம் விடாமல் கண்காணித்து வந்தது. நான்கு மாதத்துக்கு ஒரு சுற்று. யார் பிறந்தார்கள், யார் இறந்தார்கள், யார் குடிவந்தார்கள், யார் காலி செய்துகொண்டு போனார்கள் என்று வீடு வீடாக ஏறி இறங்க வேண்டும். குழந்தைகளுக்குத் தடுப்பூசிச் சீட்டு போவதும் இந்தப் பட்டியலை வைத்துத்தான். இறப்பு இருந்தால் சில நாள் பொறுத்து, வீட்டார் எதிரில் உட்கார்ந்து இருநூறு கேள்வி கேட்க வேண்டும். காய்ச்சல் எத்தனை நாள், இருமலில் ரத்தம் வந்ததா, கடைசியாக எப்போது சாப்பிட்டார். அந்தப் பதில்களை இரண்டு டாக்டர்கள் தனித்தனியாகப் படித்து, இன்ன நோய் என்று எழுதுவார்கள். ஆஸ்பத்திரிப் பக்கமே போகாமல் சாகிற ஜனங்கள் எதனால் சாகிறார்கள் என்று உலகம் தெரிந்துகொள்வது இப்படித்தான். எங்கோ ஒரு பெரிய நகரத்தில் வருடாவருடம் வெளியாகும் தடித்த அறிக்கையில், ஏதோ ஒரு அட்டவணையின் ஏதோ ஒரு கட்டத்துக்குள் இந்தத் தெருக்களும் இருந்தன.

"வாங்க, ஏன் வெளியவே நிக்கறீங்க?" தையல் இயந்திரத்துக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் எழுந்து வந்தாள். தையல்காரி. கழுத்தில் அளவு நாடா தொங்கியது. "எப்பவும் வர்ற பொண்ணு எங்க?"

"அவளுக்குப் பிரசவம். அதான் என்னைப் போட்டிருக்காங்க." திரையில் விரலை வைத்தாள். "வீட்ல இருக்கறவங்கள வாசிக்கறேன். சரியான்னு மட்டும் சொல்லுங்க."

மூன்று பேரை வாசித்தாள். தையல்காரி மூன்று முறை தலையாட்டினாள். திரையில் அடுத்த கேள்வி தானாக வந்து நின்றது.

"வீட்டுக்குப் புதுசா யாராவது வந்திருக்காங்களா?"

"புதுசா யாரு வரப்போறா? இருக்கறவங்கதான் இருக்கோம்."

பென்சில் அக்காவுக்கு அப்போதுதான் விளங்கியது. நான்கு வருடத்தில் பன்னிரண்டு சுற்று. பன்னிரண்டு முறையும் இதே கேள்வி, இதே பதில். கேட்டவர்களும் சரியாகத்தான் கேட்டார்கள், சொன்னவளும் உண்மையைத்தான் சொன்னாள். மகள் புதிய ஆள் இல்லையே.

"இந்தப் பாப்பா?"

"இவளா? இவ என்ன புதுசா? எட்டு வருஷமா இங்கதான் என் உயிர வாங்கிட்டு இருக்கா." தையல்காரி சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தி, "நல்லவேளை, நீங்களே கேட்டீங்க. பெரியவனுக்கு ஊசிச் சீட்டு ஒழுங்கா வீடு தேடி வருது. இவளுக்கு மட்டும் வர்றதே இல்ல. கைக்குழந்தையா இருக்கறப்ப காய்ச்சல்னு சொல்லித் தட்டம்மை ஊசியத் தள்ளிப் போட்டாங்க. அப்புறம் தெருவுல முகாம் நடந்துச்சே, நானே தூக்கிட்டுப் போய் வரிசைல நின்னேன். லிஸ்ட்ல இல்ல, அடுத்த முகாமுக்கு வாங்கன்னு அனுப்பிட்டாங்க."

"அடுத்த முகாமுக்குப் போனீங்களா?"

"எங்க போறது? அதுக்குள்ள தட்டம்மையே வந்துடுச்சு. பொழைச்சதே பெரிசு. இடது காதுல சீழ் வச்சு வச்சு, இப்ப அந்தப் பக்கம் இடி இடிச்சாலும் கேக்காது." தையல்காரி மகளின் தலையை வருடினாள். "தலையெழுத்து. யாரை நொந்துக்கறது?"

'ஆள் இல்லை, மீண்டும் வரவும்' என்ற பொத்தானை அமுக்கிவிட்டு பென்சில் அக்கா வெளியே வந்தாள். தெருமுனை வரைக்கும் நடந்தாள். அங்கே ஒரு மளிகைக்கடை இருந்தது. நான்கு வருடத்துக்கு முன் இருந்த அதே கடை.

அன்று சுற்றின் கடைசி நாள். நான்கு வீடு பாக்கி. அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள் என்று தகவல் வந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. தையல்காரி வீடு பூட்டியிருந்தது. கடைக்காரரிடம் ஓடிவந்து கேட்டாள். அவர் பொட்டலம் மடித்துக்கொண்டே சொன்னார்: "அந்த வீட்டுப் பாப்பாவா? அது போயிடுச்சேம்மா. ரெண்டு வாரம் ஆச்சு. அம்மாக்காரி அழுதுட்டே இருக்கா."

போயிடுச்சு. அவள் அடுத்த கேள்வி கேட்கவில்லை. எங்கே போயிடுச்சு என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால், பெரியம்மா வீட்டுக்கு என்று அவர் சொல்லியிருப்பார். தையல்காரிக்கு உடம்பு சரியில்லாத மாதங்கள் அவை. குழந்தையைத் தன் அக்கா வீட்டில் விட்டுவிட்டுப் பிரிந்திருக்க முடியாமல் அழுதுகொண்டிருந்தாள். இதெல்லாம் பிறகுதான் தெரியவந்தது. அன்றைக்குப் படிவத்தில் 'இறப்பு' என்ற கட்டத்தில் ஒரு கோடு விழுந்தது.

இறப்பு என்று போட்டுவிட்டால் கேள்விப் படிவம் இல்லாமல் அலுவலகம் ஏற்றுக்கொள்ளாது. மறுநாள் காலை கட்டுக் கட்டாக ஒப்படைக்க வேண்டும். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில், தூங்கும் அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவளே நிரப்பினாள். கற்பனை செய்து எழுத வேண்டியிருக்கும் என்றுதான் பென்சிலை எடுத்தாள். கற்பனைக்கு வேலையே வரவில்லை. காய்ச்சல் மூன்று நாள். முதல் நாள் இருமல், இரண்டாம் நாள் மூச்சு வேகம். மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே பள்ளம் விழுந்ததா? ஆம். மூக்கு விடைத்ததா? ஆம். முனகல் சத்தம்? ஆம். உதடு? நீலம். தண்ணீர் குடித்ததா? கடைசி நாள் குடிக்கவில்லை. இருநூறு கேள்விக்கும் கை நிற்காமல் ஓடியது.

அவளுக்கு ஒரு தங்கை இருந்தாள். நான்கு வயதில் போனவள். அப்போது இவளுக்கு ஒன்பது. அம்மா வேலைக்குப் போயிருந்த பகல் பொழுது. பார்த்துக்கோ என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். இவளும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். தங்கையின் விலாவுக்குக் கீழே விழுந்து விழுந்து எழுந்த பள்ளத்தைப் பார்த்தபடியே, யாரைக் கூப்பிடுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தாள். பிறகு வாசலுக்குப் போய்க் கொஞ்ச நேரம் விளையாடினாள். திரும்பி வந்தபோது சத்தம் நின்றிருந்தது.

அந்தச் சாவு எந்த ஏட்டிலும் இல்லை. பிறப்பும் இல்லை. ஒரு போட்டோகூடக் கிடையாது. வீட்டில் யாரும் அந்தப் பேச்சை எடுத்ததில்லை. இடுப்பெலும்பு முறிந்து படுத்த அம்மா மறு வருடம் போய்ச் சேர்ந்தாள். சின்னவளை நினைவில் வைத்திருக்கும் ஆள் இந்த உலகத்தில் இப்போது இவள் ஒருத்திதான்.

படிவத்தை ஒப்படைத்த மறு வாரமே, முழங்கால் வலி என்று சொல்லி வேறு வட்டாரத்துக்கு மாற்றல் வாங்கிக்கொண்டாள். அன்றிலிருந்து அந்த மூச்சுச் சத்தம் அவ்வப்போது கேட்டது. பேருந்தில் பக்கத்து இருக்கையில் யாரும் இல்லாதபோது. மின்விசிறி நின்ற கணத்தில். அவள் பழகியிருந்தாள்.

இப்போது கதவைத் திறந்த சிறுமியைப் பார்த்துவிட்டு வந்த பிறகு வேறொன்று நடந்தது. தங்கையின் முகம் அவளுக்கு எப்போதோ மறந்து போயிருந்தது. நினைத்துப் பார்த்தால் ஒரு சின்ன முதுகும் விலாவும்தான் வரும். அந்த முகமில்லாத இடத்தில் பல் விழுந்த இந்தச் சிறுமியின் முகம் வந்து ஒட்டிக்கொண்டது. பாத்திரம் கழுவும்போது பார்த்தாள், படியேறும்போது பார்த்தாள். சின்னவள் படுத்துக்கொண்டு, தலையைத் திருப்பி, வலது காதை நீட்டி "என்ன?" என்று கேட்டாள். மூன்று நாள் அப்படிப் போயிற்று. சோறு இறங்கவில்லை.

நான்காம் நாள் காலை தகவல் அறைக்குப் போனாள். அங்கே எல்லோரும் சல்லடை என்று கூப்பிடும் ஒரு மனிதர் இருந்தார். களத்திலிருந்து வருகிற பதிவுகளில் பிழையைச் சலித்து எடுப்பது அவர் உத்தியோகம். ஆண் பெயரில் பிரசவம், பிறக்கும் முன்னே கல்யாணம் என்று ஏதாவது வந்தால் சிரித்துச் சிரித்துத் திருப்பி அனுப்புவார்.

"ஒரு பழைய இறப்புப் படிவம் பாக்கணும், அண்ணா."

எண்ணைச் சொன்னதும் அவர் நிமிர்ந்தார். "இதத் தேடவே வேண்டாமே. இது நம்ம மாதிரிப் படிவம் ஆச்சே!"

"என்ன மாதிரி?"

"உனக்குத் தெரியாதா? புதுசா வர்றவங்களுக்குப் பயிற்சியில காட்டறது. ஒரு தாய்கிட்ட எப்படி விவரம் வாங்கணும்னு. நீ எடுத்ததா இது? எவ்வளவு பெரிய விஷயம்! வெளிநாட்டுக்காரங்க வந்தப்போகூட மொழிபெயர்த்துக் காட்டினோம்." அலமாரியிலிருந்து ஒரு நகலை எடுத்து நீட்டினார்.

டாக்டர்கள் இருவரும் நிமோனியா என்றே எழுதியிருந்தார்கள். ஒருவர் கீழே ஒரு வரி சேர்த்திருந்தார். 'விவரம் சொன்னவர் குழந்தையின் மூச்சை மிகக் கூர்மையாகக் கவனித்திருக்கிறார்.'

பென்சில் அக்கா அதை இரண்டு முறை படித்தாள். தங்கை செத்து முப்பத்திரண்டு வருடம் கழித்து, அவளை ஒருவர் உட்கார்ந்து படித்திருக்கிறார். எதனால் செத்தாள் என்று யோசித்திருக்கிறார். காரணத்துக்கு ஒரு பெயர் கொடுத்திருக்கிறார். இதை அழித்துவிட்டால் சின்னவள் மறுபடி எங்கேயும் இருக்கமாட்டாள். காகிதத்தை மடித்து வைத்துவிட்டுப் பேசாமல் வெளியே போய்விடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. அந்த ஒரு கணத்தைப் பிற்பாடு அவளால் மன்னிக்கவே முடியவில்லை.

"அண்ணா, இந்தக் குழந்தை உயிரோட இருக்கு."

சல்லடை சிரிக்கப் போனார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டார். "உக்காரு முதல்ல."

எல்லாவற்றையும் சொன்னாள். கடைசியில் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இறப்ப ரத்து பண்ணலாம். காரணம் கேக்கும். இரட்டைப் பதிவுன்னு ஒண்ணு இருக்கு, அத அமுக்கினா அதோட முடிஞ்சிடும். யாரும் தோண்டிப் பாக்கமாட்டாங்க. நான் வாயத் திறக்கமாட்டேன்."

"வேற என்ன இருக்கு?"

"'பிற'ன்னு இருக்கு. அத அமுக்கினா விளக்கம் எழுதணும். அது நேரா மேடத்துக்குப் போகும். உன் வேலைக்கு உலை வைக்கும்." அவளைத் தேற்றுவதாக நினைத்துக்கொண்டு சொன்னார்: "ஒண்ணு சொல்றேன், மனசப் போட்டுக் குழப்பிக்காத. மொத்தக் கணக்குல இந்த ஒண்ண எடுத்தாலும் சேத்தாலும் தசமப் புள்ளிக்கு அந்தப் பக்கம் இருக்கற எண்கூட நகராது."

"அந்தப் பொண்ணுக்கு ஒரு காது போயிடுச்சு அண்ணா."

'பிற' என்பதைத் தானே அமுக்கினாள். விளக்கத்தில் நடந்ததை நடந்தபடி எழுதினாள். கடைசியில் திரை கேட்டது: 'இந்த இறப்பையும் அதோடு சேர்ந்த பதில்கள் அனைத்தையும் நீக்கவா?' விரல் சற்று நேரம் அந்தரத்தில் நின்றது. ஆம் என்று தொட்டாள். சாம்பல் வரி கறுப்பாக மாறியது. மகள், வயது எட்டு. பதில்கள் இருந்த பக்கம் வெறுமையாகிவிட்டது. அறையில் மின்விசிறி ஓடிக்கொண்டுதான் இருந்தது. அதையும் மீறி, காதுக்குப் பக்கத்தில் அந்த மூச்சு வேக வேகமாக வந்தது.

மேடம் என்கிற இயக்குநர் அம்மா கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "பத்தொன்பது வருஷத்துல எத்தனை இப்படி?" என்று மட்டும் கேட்டார்.

"இது ஒண்ணுதான் மேடம்."

"அத நான் நம்பலாம். கணக்கு நம்பக் கூடாது." அவள் எடுத்த படிவங்கள் மொத்தத்தையும் வேறு ஆட்கள் வீடு வீடாகப் போய்ச் சரிபார்க்க உத்தரவு போட்டார். அதுவரை களத்துக்குப் போகக் கூடாது. "அந்த வீட்டுக்கு நாங்க ஆள் அனுப்பறோம். நீங்க போக வேண்டாம்."

ஆனாலும் அவள் போனாள். மறுநாள் காலை பதினொரு மணிக்கு, கையில் டேப் இல்லாமல். சிறுமி தரையில் உட்கார்ந்து வெட்டுத் துணிகளை நிறம் பிரித்துக்கொண்டிருந்தாள். தையல்காரி இயந்திரத்தை நிறுத்தவில்லை. "சீட்டு விஷயம் கேட்டீங்களா?"

"உங்க பொண்ணு செத்துட்டான்னு எழுதியிருக்காங்க. அதனாலதான் சீட்டு வரல."

இயந்திரம் நின்றது. "எந்தப் பாவி எழுதினது?"

"நான்தான்."

கடைக்காரர் சொன்னதையும் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து நிரப்பியதையும் அவள் சொல்லச் சொல்ல, தையல்காரியின் முகம் இறுகிக்கொண்டே போனது. மரியாதை அந்த இடத்திலேயே போயிற்று.

"என் பொண்ணு எதால செத்தான்னு எழுதின?"

"அது... வேண்டாம்மா."

"சொல்லு. நான் தெரிஞ்சுக்கணும்."

அவள் சொன்னாள். மூன்று நாள் காய்ச்சலை, பள்ளம் விழுந்த விலாவை, நீலம் பாய்ந்த உதட்டை. தையல்காரி தன்னையறியாமல் எழுந்து போய் மகளின் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் முதுகில் உள்ளங்கையை வைத்தாள். மூச்சு ஒழுங்காக வருகிறதா என்று பார்ப்பது மாதிரி இருந்தது. சிறுமி ஒன்றும் புரியாமல் அம்மாவைப் பார்த்தாள்.

"இவ்வளவும் எங்கேருந்து வந்துச்சு உனக்கு? யாரு அது?"

"என் தங்கச்சி."

தையல்காரியின் குரலில் கோபம் குறைந்திருந்தது. அதனாலேயே அது ஆழமாக இறங்கியது. "உன் தங்கச்சி பாவம்தான். நான் இல்லேங்கல. அதுக்காக என் பொண்ணக் கொண்டுபோய் அவ படுக்கையில படுக்க வைப்பியா?"

பென்சில் அக்கா வாசல் பக்கம் நகர்ந்தாள்.

"போயிடு. இனிமே இந்தப் படி ஏறாத."

சரிபார்ப்பு ஐந்து மாதம் நடந்தது. வேறு பிழை எதுவும் அகப்படவில்லை. வேலை போகவில்லை. களத்தை விட்டு எடுத்து, பழைய காகிதக் கட்டுகளை அடுக்கும் அறையில் போட்டார்கள். நிலையம் கேள்விகளையும் மாற்றியது. இப்போது பணியாளர்கள் 'புதிதாக யார்' என்று கேட்பதற்கு முன்னால், 'இன்று இந்த வீட்டில் இருக்கும் எல்லாரையும் சொல்லுங்கள்' என்று கேட்கிறார்கள். முதல் சுற்றிலேயே, இல்லை என்று பதிவாகியிருந்த பதினேழு பேர் உயிரோடு கிடைத்தார்கள். பயிற்சி வகுப்பில் மாதிரிப் படிவத்தை எடுத்துவிட்டு வேறொன்றை வைத்தார்கள். அது அவ்வளவு நன்றாக இல்லை என்று சல்லடை வந்து சொன்னார்.

சிறுமிக்கு விட்டுப்போன ஊசிகளை எல்லாம் வரிசையாகப் போட ஏற்பாடானது. காதுக்கும் ஒரு டாக்டரைப் பார்த்தார்கள். பழையபடி கேட்காது, கருவி வைத்தால் கொஞ்சம் கேட்கும் என்றார். இதையெல்லாம் பென்சில் அக்கா அடுத்தவர் வாயால்தான் கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை, நிலையத்தின் கீழ்த்தளத்தில் ஊசி போடும் நாள். கட்டுகளை எடுத்துக்கொண்டு தாழ்வாரத்தில் போனவள், பெஞ்சில் தையல்காரியையும் மகளையும் பார்த்துவிட்டுத் தூண் பக்கம் ஒதுங்கி நின்றாள். தையல்காரியும் பார்த்தாள். பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நர்ஸ் ஏதோ காகிதம் கேட்கவும் உள்ளே போனாள்.

சிறுமி பெஞ்சிலிருந்து இறங்கி நேராக இவளிடம் வந்தாள். இடது காதுக்குப் பின்னால் ஒரு சின்னக் கருவி இருந்தது. பல் முளைத்திருந்தது.

"நீங்கதானே என்னை சாகடிச்சீங்க?"

கட்டுகள் கையில் கனத்தன. "ஆமா."

"அப்ப எனக்கு எத்தனை வயசு?"

"நாலு."

சிறுமி யோசித்தாள். நான்கு வயதில் தான் எப்படி இருந்தோம் என்று நினைத்துப் பார்க்கிறாள் போலிருந்தது.

"ரொம்ப வலிச்சுதா எனக்கு?"

முப்பது வருடத்துக்கு மேலாக எந்த வீட்டிலும், எந்தப் படிவத்திலும் யாரும் இவளிடம் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. தாழ்வாரத்தில் குழந்தைகள் அழும் சத்தத்துக்கு நடுவே, காதுக்குள் அந்த மூச்சு நெருங்கி வந்து காத்திருந்தது.

"வலிச்சுது" என்றாள். "ரெண்டாவது நாள்லேருந்து ரொம்ப வலிச்சுது. உன்னால சொல்ல முடியல. நான் பக்கத்துலதான் இருந்தேன். கொஞ்ச நேரம் வெளிய போயிட்டேன்."

"ஓ" என்றாள் சிறுமி. உள்ளே அவள் முறை வந்துவிட்டது. அம்மா கூப்பிடுவது முதல் தடவை கேட்கவில்லை. இரண்டாம் தடவை திரும்பி, சட்டைக் கையை மடித்துக்கொண்டே ஓடினாள்.